சம்பந்தியா, பங்காளியா? பல்லாவரம் வழியாக ஒரு ஞானாபரணத் தேடல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் பயணம் போனேன். சேலையூரில் கிளம்பி தாம்பரம், பல்லாவரம், திருநீர்மலை, கோவிலம்பாக்கம் என்று சுற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மொத்தம் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். என் கொடைக்கானல் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்பிய கூட்டத்தால் வத்தலக்குண்டு தாண்டி வண்டி நகரவில்லை என்று கேள்வி. ஆனால் அதெல்லாம் மேடு ஏறி மேடு இறங்கிய கதை. இந்தப் பயணத்தில்தான் ஒரு கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது தொங்கிக்கொண்டிருந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் மைக் செட் ஸ்டீபன். முழுப்பெயர் ஸ்டீபன் ஞானாபரணம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகு பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் நான் ஸ்பீக்கர் குழாய் கட்டாத கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி ஸ்பீக்கரைக் கொஞ்சம் தெற்கே திருப்பி வைத்தேன், வண்டலூரில் சிங்கம் பதில் சொன்னது. கேட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கல்யாணம் என் அண்ணன் மகன் டேனியலுக்கு. அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. அதனால் அப்பா ஸ்தானத்தில் சித்தப்பா நான்தான். பெண் பிரிசில்லா, கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சபைகளுக்கு இடையே நடந்த பாடகர் குழுப் போட்டியில் இரண்டு பேருக்கும் பழக்கம். அந்தப் போட்டிக்கு மைக் செட் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வீட்டிலும் சம்மதம். ஓலைக்கும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று வாசிப்பார்களே, அந்த ஓலைதான். முதல் ஓலை அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிறு.

அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் பெண் வீட்டுக்கு முறைப்படி போனோம். அவர்களுக்கும் குடும்பப் பெயர் ஞானாபரணம்தான். ஆனால் இங்கிலீஷில் எழுதும்போது நாங்கள் ஜி போட்டு ஆரம்பிப்போம், அவர்கள் நேராக என் போட்டு ஆரம்பிப்பார்கள். அதனால் வேறு ஞானாபரணம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். பார்த்தால் எல்லோரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. மேடையில் மைக் கரகரத்தால் நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன், சூழ்நிலையைச் சரிப்படுத்தினேன். உலகத்தில் ஞானாபரணம் என்றால் ஒரே வம்சம்தான், ஜி-யாவது என்-னாவது, எங்கள் கொள்ளுத்தாத்தாவும் உங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஒரே தொட்டிலில் ஆடினவர்கள், நமக்குள் என்ன கூச்சம் என்று ஒரு போடு போட்டேன்.

கேசரித் தட்டோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்த பெண்ணின் அம்மா, கிரேஸ் டீச்சர், நடுக்கூடத்தில் நின்றுவிட்டார்.

"அப்ப நாம பங்காளிங்களா?"

நான் பிரியமாகச் சொன்னது அங்கே போய் வேறாக விழுந்துவிட்டது. ஆண்வழியில் ஒரே வேர் என்றால் பங்காளி. பங்காளி பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கை. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் சரி, வேதத்தில் எழுதியிருக்கிறதா இல்லையா என்பதும் அடுத்த பேச்சு, நம் ஜனம் அதை ஒத்துக்கொள்ளாது. கேசரித் தட்டு என்னிடம் வராமலே உள்ளே திரும்பிப் போனது. சபை நடுவே யாராவது எழுந்து அண்ணன் தங்கைக்குக் கல்யாணமா என்று கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றார் டீச்சர். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பங்காளி இல்லை என்று தெரியவேண்டும், தெரியாவிட்டால் ஓலையைத் திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவானது. பிரிசில்லா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டேனியலும் நானும் சேலையூருக்குத் திரும்பினோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் சொன்னான்.

"சித்தப்பா, நீங்க இன்னைக்கு ஒரு நாள் கம்முனு இருந்திருக்கலாம்."

நான் அவனிடம் சொன்னேன்: சனிக்கிழமை சாயங்காலம் கேசரி வரும், பார். அன்று ராத்திரியே பெண்ணின் அப்பா ஆல்பர்ட் சாருக்குப் போன் போட்டு, நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பார்த்துவிடுவோம் என்றேன். அவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. நான் தனியாகப் போய் என்ன கொண்டுவந்தாலும் நம்பியிருக்கமாட்டார், அதனால் உடனே சரி என்றார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தாம்பரம் ரயில் நிலையம், மேற்குப் பக்கம் என்று பேச்சு. ஏழே காலுக்கு நான் போனேன். தொப்பி, குடை, தண்ணீர் பாட்டில், துணிப்பையோடு அவர் எனக்கு முன்பே நின்றிருந்தார்.

"வாங்க சம்பந்தி" என்றேன்.

"சார்னே கூப்பிடுங்க. சம்பந்தியா பங்காளியான்னு இன்னும் முடிவாகல."

பல்லாவரத்துக்கு மின்சார ரயிலில் டிக்கெட் ஐந்து ரூபாய். சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கார் எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் எனக்காக ஒரு கணம் பரிதாபப்பட வேண்டாம், நான்தான் அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது பேசாமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே. வலது கால் பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கி, குதிகாலுக்கு மேலே இருக்கும் வடுவைக் காட்டி, வண்டலூர்க் காட்டில் சிறுத்தை என்னைப் பிடித்த கதையைச் சொன்னேன். மிருகக்காட்சிசாலை எல்லாம் வருவதற்கு முன்னால் அங்கே நிஜமான காடு. நான் தோளில் ஆம்பிளிஃபையரோடு நடந்து வருகிறேன், பின்னாலிருந்து பாய்ந்தது. அந்தப் பெட்டி மாத்திரம் இல்லாவிட்டால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கமாட்டீர்கள்.

அவர் குனிந்து வடுவை நன்றாகப் பார்த்தார்.

"சிறுத்தைக்கு ஒரே நகம்தான் இருந்துச்சா சார்?"

வயதான சிறுத்தை என்றேன்.

என் திட்டம் இதுதான். தொட்டில் பேச்சை நான் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிட்டேன். ஜி ஞானாபரணம் வேறு, என் ஞானாபரணம் வேறு என்று சபை ஏட்டில் பச்சையாக இருக்கும். காட்டிவிட்டால் ஒன்பதே முக்காலுக்கு வேலை முடிந்தது. இரண்டு குடும்பத்துக்கும் ஞானஸ்நானம் பல்லாவரத்துப் பழைய சபையில் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அலுவலகம் திறப்பது ஒன்பதரைக்கு. இதைப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், நாங்கள் எட்டு மணிக்கே போய் எதிர்க் கடையில் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம்.

அங்கே குமாஸ்தாவாக இருக்கும் அம்மாள் நல்ல மாதிரி. பழைய பக்கங்களைத் தொடவிடமாட்டார், அவரே புரட்டிக் காட்டுவார். நான் ஜி, என் என்று விளக்கி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ஒரே அப்பா, ஒரே அம்மா, மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஜி-யில் ஆரம்பம். நடுவுள்ளவளுக்கு என். கடைக்குட்டிக்கு பாபுவுக்கு வரும் பி-க்குப் பதிலாக பீட்டருக்கு வரும் பி.

"பேர் சொல்றவர் ஒருத்தர், எழுதறவர் ஒருத்தர். எழுதறவர் கைக்கு எப்படி வருதோ அப்படித்தான் சார். ஸ்பெல்லிங்கை வெச்சு ஒண்ணுன்னும் சொல்ல முடியாது, வேறன்னும் சொல்ல முடியாது."

வாஸ்தவம்தான். எங்கள் வீட்டிலேயே கரண்ட் பில்லில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, டேனியல் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே மூன்று குடும்பம் இருக்கிறோம். சரி, எழுத்தை விடுங்கள், ஆளைப் பாருங்கள் என்று கேட்டேன். அங்கங்கே செல் அரித்த இடத்தில்தான் எங்கள் இரண்டு பேருடைய முன்னோரும் போய் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பர்ட் சார் வெளியே வந்து துணிப்பையைக் கைமாற்றிக்கொண்டு, ஒரு இனம் முடிந்தது என்று மட்டும் சொன்னார். தணிக்கைக்காரர் அப்படித்தான் பேசுவார் போல.

அடுத்து கல்லறைத் தோட்டம். நடந்தால் பத்து நிமிடம். ஆல்பர்ட் சாருடைய அப்பாவைப் பெற்ற ஆயா, அன்னம்மாள், அங்கேதான் இருக்கிறார். கல்லில் யார் மனைவி, யார் மகள் என்று வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தோம். ஆனால் இடம் இல்லாத ஊரில் கல்லறைக்குள் கல்லறை வைக்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது வேறொரு குடும்பத்தின் பளிங்குக் கல் பளபளவென்று இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஆயா போனப்ப எனக்கு ஒம்பது வயசு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நானும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

இப்போது எனக்குள் கொஞ்சம் கலக்கம்தான். மணி பதினொன்றரை. ஆனால் என் சட்டைப்பையில் இன்னொரு சீட்டு இருந்தது. திருநீர்மலையில் கோயிலுக்குக் குழாய் கட்டப் போன காலத்தில் ஒரு வீட்டு வாசலில் 'ஞானாபரணம்' என்று கல்லில் பார்த்த ஞாபகம். நமக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஞானாபரணம் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், இந்தப் பெயர் பல வேரில் முளைக்கும் என்று காட்டிவிடலாம். பல்லாவரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் போக நூற்றெண்பது, காத்திருந்து திரும்ப முந்நூற்றைம்பது. பஸ்ஸும் இருக்கிறது, அவசரம் இல்லாதவர்கள் அதில் போகலாம். ஓட்டுநர் பெயர் சேகர். நான் ஏறியதும், நீ மைக் செட் அண்ணன்தானே, எங்க ஏரியா கூழ் ஊத்தற திருவிழாவில் ராத்திரி பூரா தூங்க விடாதது நீதானே என்றார். புகழ் என்றால் அதுதான்.

மலை மேல் ரங்கநாதர் இருக்கிறார். படி ஏற நினைப்பவர்கள் வெயிலுக்கு முன்னால் வரவேண்டும், நடுப்பகலில் கல் காலைப் பொசுக்கும். நாங்கள் போனது அடிவாரத்துத் தெரு. வீடு அப்படியே இருந்தது. கல்லும் அப்படியே. கதவைத் திறந்தவர் நெற்றியில் பளிச்சென்று நாமம். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். வீட்டை எட்டு வருடம் முன்னால் வாங்கினாராம், விற்ற ஞானாபரணம் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டாராம், இப்போது விலாசம் தெரியாதாம். பிறகு ஏன் அந்தப் பெயரை எடுக்கவில்லை என்று ஆல்பர்ட் சார் கேட்டார்.

"ஞானமே ஆபரணம். பெருமாளுக்கும் பொருந்தறதே, இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார் அவர்.

மோர் அருமை. மற்றபடி இரண்டாவது இனமும் முடிந்தது.

திரும்பும் வழியில் ஆல்பர்ட் சார் மெதுவாகப் பேசினார். டேனியல் நல்ல பையன் என்றார். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். ஆனாலும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் கையெழுத்துப் போட்டுப் பழக்கம் இல்லை, ஆயருக்குப் போன் செய்து ஓலையை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான் என்றார். நான் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்றேன். ஒரு வாரத்தில் செல் அரித்த ஏடு முளைக்குமா என்று கேட்டார். அவர் போனைக் கையில் எடுத்த நேரம் ஆட்டோ நின்றது.

தெருவை அடைத்து ஷாமியானா. பூ வண்டி தயாராக நிற்கிறது. மேளக்காரர்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வெயிலில் எதற்கு இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று சேகரிடம் கேட்டேன்.

"ஆயா ஒண்ணு பூட்ச்சு அண்ணா. பொறந்த வூட்டுக் கோடி இன்னும் வர்ல. வந்துகினு கீறாங்களாம். அத்த போத்தாம எப்டி எடுப்பாங்க?"

கோடி என்றால் புதுப் புடவை. கல்யாணமாகிப் போன பெண் எத்தனை வயதில் இறந்தாலும், அவள் பிறந்த வீட்டு ஆண்பிள்ளை யாராவது ஒரு புதுத் துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வருகிற வரை காத்திருப்பார்கள். ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆகியும் நாங்களும் அதை விடவில்லை, ஆயர்கள் சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டார்கள்.

ஆல்பர்ட் சார் போனைப் பையில் போட்டார். அந்த ஷாமியானாவையே பார்த்துக்கொண்டு சொன்னார், யாரிடமோ சொல்வது போல. அவருடைய ஆயா இறந்த அன்றும் இப்படித்தான் பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்களாம். மத்தியானத்துக்கு மேல் ஒருவர் சைக்கிளில் கோடி கொண்டுவந்தாராம். முன் கம்பியில் ஒரு சின்னப் பையன். வழியில் அந்தப் பையன் கால் சக்கரக் கம்பிக்குள் போய், குதிகால் கிழிந்து ரத்தம். சாவு வீட்டை விட்டுவிட்டு எல்லோரும் அந்தப் பையனைப் பார்த்தார்கள். அதனால்தான் அறுபது வருடம் ஆகப்போகிற இப்போதும் ஞாபகம் இருக்கிறது என்றார்.

சைக்கிள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா முதுகு, கம்பி, வலி. எங்கே போனோம், எதற்குப் போனோம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? அப்பாவும் சீக்கிரம் போய்விட்டார், அண்ணனும் இல்லை. நான் பேன்ட்டைத் தூக்கினேன்.

அவர் வடுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நம்பவில்லை. காலையில் அதே காலுக்குச் சிறுத்தை வந்ததே.

"நான் ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அன்னைக்கு அந்தப் பையன் கால்ல எங்கம்மா என்ன வெச்சுக் கட்டினாங்க?"

"காப்பித் தூள்" என்றேன். "அதை எல்லார் வீட்லயும்தான் வெப்பாங்கன்னு சொல்லாதீங்க. அதுக்கு மேல ஒரு ரிப்பன். பொம்பளப் பிள்ளைங்க சடையில கட்ற நீல ரிப்பன். அதோட வீட்டுக்கு வந்தேன்னு எங்கண்ணன் ஒரு மாசம் என்னை ஸ்டெல்லா, ஸ்டெல்லான்னு கூப்பிட்டான்."

இதைச் சொல்லும்போது ஒரு வார்த்தை கூட்டவில்லை. கூட்டத் தோன்றவில்லை.

ஆல்பர்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கக்கா ரிப்பன்" என்றார். "ஆயாவுக்கு அழுததைவிட அதுக்குத்தான் அதிகமா அழுதா."

கணக்கை அவரே போட்டார், சத்தமாக, விரல் விட்டு. கோடி கொண்டுவந்தது ஸ்டீபனின் அப்பா. பிறந்த வீட்டுக் கோடி. ஆக அன்னம்மாள் ஆயா பிறந்தது ஸ்டீபன் வீட்டில், ஞானாபரணத்தின் மகளாக. அவர் அண்ணன் பிள்ளைகள் வழி ஸ்டீபன் குடும்பம், அவர் வயிற்றுப் பிள்ளை வழி ஆல்பர்ட் குடும்பம். அண்ணன் வழி ஒன்று, தங்கை வழி ஒன்று. பங்காளியே இல்லை. நம் வழக்கத்தில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை. தொட்டில் ஒன்றுதான் என்று நான் வியாழக்கிழமையே சொன்னேனே! யார் கேட்டார்கள்?

அப்படியானால் அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் அவர் அப்பாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அப்பாவைப் பெற்றவர் பர்மாவுக்குப் போனவர் திரும்பவில்லையாம். அவர் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் தாத்தா, அதனால் அவர் பெயரையே பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறார். "எங்கப்பா அதை ஒரு நாளும் சொன்னதில்ல. நானும் அதுதான் அவரோட அப்பா பேருன்னு நெனச்சிட்டேன்."

"அப்ப சிறுத்தை?" என்றார் பிறகு.

"அது இந்தக் கால் இல்ல, அந்தக் கால்" என்றேன்.

அப்போதுதான் ஒரு பையோடு பைக்கில் இரண்டு பேர் வந்து இறங்கி ஷாமியானாவுக்குள் ஓடினார்கள். கோடி வந்துவிட்டது. மேளம் எழுந்தது. வண்டி நகர்ந்து வழி விட்டது. கோவிலம்பாக்கத்துக்கு நேராக விடு என்றேன். சேகர் மீட்டரைப் பற்றிப் பேசவே இல்லை, இன்னா கதை அண்ணா இது, மீதியையும் சொல்லு என்று ரேடியல் ரோடு முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டினார். அதற்கு மேல் இருநூறு கொடுத்தேன்.

கிரேஸ் டீச்சர் வாசலில் நின்றே விசாரித்தார். கணவர் சொன்னதைக் கேட்டார், என் குதிகாலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அப்புறமும் மனசு வராமல் மதுரையில் இருக்கும் நாத்தனாருக்கு, அதாவது ஆல்பர்ட் சாரின் அக்காவுக்கு, போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வியாழக்கிழமையே அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் தாத்தா பெயர் என்ன, ஸ்பெல்லிங் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கோடி கொண்டுவந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது டீச்சர் அதைக் கேட்டார்.

"தாம்பரத்துலேர்ந்து அந்த சைக்கிள்காரர்தானே? ஆயாவுக்கு அண்ணன் மகன்னு அம்மா சொன்னாங்க. அந்தப் பையன் அங்க இருக்கானா? என் ரிப்பனை எங்கன்னு கேளு."

உள்ளே சாத்தியிருந்த கதவு திறந்தது. பிரிசில்லா சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் வந்து டேனியலுக்குப் போன் போடப் போனாள். கிரேஸ் டீச்சர் நேராகச் சமையலறைக்குள் போனார். ரவை வறுபடும் வாசனை வந்தது. நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். முந்திரி இவ்வளவு போட்ட கேசரியை நான் ஜனாதிபதி மாளிகையில்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டேன்.

உங்கள் குடும்பத்தைத் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பெயரை எப்படியெல்லாம் எழுத முடியுமோ அப்படியெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் எழுத்தை மட்டும் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள், சேர்த்தும் விடாதீர்கள். சபை அலுவலகத்துக்குச் சனிக்கிழமை ஒன்பதரைக்கு மேல், பகல் சாப்பாட்டுக்கு முன் போங்கள், அங்கே இருப்பவர்களிடம் அதட்டிப் பேசாதீர்கள். தண்ணீரும் குடையும் கட்டாயம். பெயர் பலகையைப் பார்த்து எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், மோராவது கிடைக்கும்.

முக்கியமானது இது. சொந்தக்காரர்களிடம் போய் தாத்தா பெயர் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்தச் சாவுக்குக் கோடி எடுத்தது யார், அந்தக் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட்டது யார், வராமல் கோபித்துக்கொண்டது யார் என்று கேளுங்கள். அதை ஒருவரும் மறக்கமாட்டார்கள். பெயர் எழுதுகிறவன் கைக்கு வந்தபடி போகும். கோடி யார் வீட்டிலிருந்து வரவேண்டுமோ அந்த வீட்டிலிருந்துதான் வரும். படித்தவர்கள் யாரும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, எட்டாம் வகுப்பு ஸ்டீபன் சொல்கிறேன். எங்கள் வீட்டில் செத்துப் போனவர்களில் பாதிப் பேரை இப்போது இப்படித்தான் கண்டுபிடித்து வருகிறேன். அன்னம்மாள் அத்தைப்பாட்டிக்கு ஒரு கல் வைக்க இடம் கேட்டிருக்கிறோம், குமாஸ்தா அம்மாள் முயற்சி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் முதல் ஓலையை வாசித்தார்கள். மாப்பிள்ளையும் ஞானாபரணம், பெண்ணும் ஞானாபரணம் என்றதும் பின்வரிசையில் இரண்டு தலை திரும்பியது உண்மை. தடை இருந்தால் சொல்லலாம் என்று ஆயர் நிறுத்தினார். அந்த இடைவெளி எனக்கு வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் நீளமாக இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டேனியல் முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆல்பர்ட் சார் பின்னால் வந்து என் தோளில் கை வைத்தார்.

"மச்சான்" என்றார். முதல் தடவை என்பதால் அவருக்கே வாயில் சரியாக நிற்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "மச்சான், கல்யாணத்துக்கு மைக் செட் உங்களுதுதான். வேற யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா கிரேஸ் ஒரு கண்டிஷன் போட்டிருக்கா. மைக்கை மட்டும் உங்க கையில குடுக்கக் கூடாதாம்."